ஐந்தடிக்கு மிகாத கரடி

கடத்தூரில் அன்வர் பாஷாவின் கடலை மண்டிக் கதவில் அந்த நோட்டீஸை ஒட்டிய மகராசன் கொஞ்சம் உயரத்தில் ஒட்டிவிட்டான். அங்கே கடலை அளக்கிற மாதம்மாள் ஒரு மூட்டையை உருட்டி வந்து, அதன்மேல் ஏறி நின்றுதான் படிக்க வேண்டியிருந்தது.

ஓசூருக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறக்கப்போகும் குழந்தைகள் பூங்காவில், கரடி வேடம் போட்டுக்கொண்டு நின்று, வருகிற குழந்தைகளுக்குக் கை கொடுக்க ஆள் தேவை. ஆணோ பெண்ணோ வரலாம். உயரம் ஐந்தடிக்கு மிகாமல் இருக்க வேண்டும்.

அந்த ‘மிகாமல்’ என்ற சொல்லில் வந்து நின்றவள் நின்றவள்தான். நம்பிக்கை வராமல் அன்வர் பாஷாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாள். பிறகு மூட்டை தூக்க வந்தவரைப் படிக்கச் சொன்னாள். அவருக்குப் படிக்கத் தெரியாது. இவள் சொல்லச் சொல்ல அவரும் திருப்பிச் சொன்னார். எண்பத்தாறாம் வருஷம் மாங்காய் சீசனில் நடந்தது இது.

மாதம்மாளின் உயரம் நாலடி எட்டங்குலம். ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். “சீக்கிரம் வெளிய வந்து பேசணும்னு அவசரம், அதான் வளர நேரமில்லை” என்று அவளே சொல்வாள். ஊர் அவளுக்கு வைத்த பெயர் அரைப்படி. ஆள் அரைப்படி, வாய் மட்டும் மரக்கால் என்பார்கள். அவள் மண்டியில் பேசினால் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் நின்றுவிடும். கண்டக்டர் ‘ஹோல்டான்’ சொன்னதாக டிரைவர் நினைத்துக்கொள்வார்.

பால்வாடி ஆயா வேலைக்குப் போனாள்; சத்துமாவு டப்பா இருந்த அலமாரி எட்டவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஓட்டுப் போடப் போனாள், அங்கே உட்கார்ந்திருந்த அதிகாரி, “பாப்பா, உங்கம்மா எங்கே?” என்றார். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. வருஷம் தவறாமல் தேருக்குப் போகிறாள், இதுவரை தேரைப் பார்த்ததில்லை. தேர் பார்க்கிறவர்களின் முதுகைத்தான் பார்த்திருக்கிறாள். முதுகைக் காட்டினால் போதும், இன்னாருடையது என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளை இன்று ஒருவன், நீ இந்த உயரத்தில் இருந்தால்தான் வேண்டும் என்று அச்சடித்து ஒட்டியிருக்கிறான். வேலை கிடைக்கிறதோ இல்லையோ, இதைக் கேட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா?

அவள் வீட்டுக்காரர் கிருஷ்ணப்பன் ஆறடி. தாலி கட்டுவதற்காகக் குனிந்தவர் இன்னும் நிமிரவில்லை என்று ஊரில் பேச்சு. அவர்தான் நோட்டீஸின் கடைசி வரியைக் காட்டினார். கரடி எக்காரணம் கொண்டும் பேசக் கூடாது. பேசினால் தேர்வு ரத்து.

“கை குடுப்ப, கால் குடுப்ப, எல்லாம் சரி. வாயை எங்க மே வெச்சிட்டுப் போவ?” என்றார்.

“வூட்லயே வெச்சிட்டுப் போறேங்க. நீங்க பத்திரமா பாத்துக்குங்க” என்றாள்.

சொன்னதோடு விடவில்லை, ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்து பழகினாள். காலையில் பால்காரர் வந்து நின்று பார்த்துவிட்டுப் பயந்து போனார். பத்து மணிக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவியது. பதினொரு மணிக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து நாலு பேர் துக்கம் கேட்க வந்துவிட்டார்கள், ஒருவர் மாலையோடு. கிருஷ்ணப்பன் வாசலில் நின்று, இல்லைங்க, உயிரோடுதான் இருக்கிறாள், சும்மா இருக்கிறாள் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். நம்பாமல் உள்ளே எட்டிப் பார்த்தவர்களுக்கு அவள் கையைத்தான் ஆட்டினாள். மாலையை வீணாக்க வேண்டாமென்று சாமி படத்துக்குப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தர்மபுரிப் பொருட்காட்சித் திடலில் தேர்வு. பெங்களூரிலிருந்து மானேஜர் நஞ்சுண்டப்பா வந்திருந்தார். பம்பாயில் தைத்து வந்த கரடி உடுப்பு அளவு தப்பிப் போய், சிறிதாக வந்துவிட்டது. அதற்குள் நுழைகிற ஆளைத் தேடித்தான் மனிதர் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார். உடம்பெல்லாம் கறுப்பு முடி. தலை காகிதக் கூழில் செய்தது, அண்டா பருமன். பொருட்காட்சி பார்க்க வந்த கூட்டம் அத்தனையும் ராட்டினத்தை விட்டுவிட்டு இங்கே வந்து கூடியது.

ஐந்தடிக்கு மிகாதவர்கள் பதினொரு பேர் வரிசையில் நின்றார்கள். தன் வாழ்நாளில் முதன்முறையாக மாதம்மாள் ஒரு வரிசையில் நின்று முன்னால் என்ன நடக்கிறது என்று பார்த்தாள்.

மானேஜர் கன்னடமும் தமிழுமாகப் பிசைந்து சட்டம் சொன்னார். கரடி நடக்க வேண்டும், ஆட வேண்டும், ஒரு குழந்தையாவது பயப்படாமல் கிட்டே வர வேண்டும். “முக்யமா, கரடி மாத்தாட பாரது. ஒரே ஒரு வார்த்தை பேசினா அவுட்.”

முதலில் போனவர் கரடித் தலையோடு குனிந்து கும்பிட்டார். தலை கழன்று உருண்டது. அப்துல் சுபான் என்ற நல்லம்பள்ளித் தையற்காரர் அடுத்து. நல்ல ஆட்டக்காரர். பேசக் கூடாது என்றார்களே தவிர உறுமக் கூடாது என்று சொல்லவில்லையே என்று ஒரு உறுமல் உறுமினார் பாருங்கள், முன்வரிசைக் குழந்தைகள் அழுத அழுகையில் ஐஸ் வண்டிக்காரரும் சேர்ந்து அழுதார். அதற்குப் பிறகு போன எட்டுப் பேரையும் குழந்தைகள் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. அம்மா சேலைக்குள் போன தலை வெளியே வரவில்லை.

கடைசியாக மாதம்மாள். உடுப்பு அவளுக்கென்றே தைத்ததுபோல் உட்கார்ந்தது. உள்ளே செங்கல் சூளையின் சூடு, முந்தைய பத்துப் பேரின் வியர்வை. ஆனால் கரடியின் கண் ஓட்டை வழியாகப் பார்த்தால், ஐந்நூறு பேர், ஒருவர்கூட முதுகைக் காட்டவில்லை. அத்தனை முகமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. மாதம்மாளுக்குக் கிறுகிறுத்துவிட்டது. இந்த வேலை தனக்கு வேண்டும், வேண்டவே வேண்டும் என்று அப்போதுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. பல்லை இறுகக் கடித்தாள்.

நடந்தாள். ஆடினாள். கூட்டம் கை தட்டியது. முன்வரிசையில் காவேரி என்ற பெண்ணின் இடுப்பில் மூன்று வயதுப் பையன் ஒருவன் அலறிக்கொண்டிருந்தான். அவன் பயம் போக வேண்டுமென்று மாதம்மாள் மெல்லக் குனிந்து, கையைத் தரையில் ஊன்றி, நாலு காலில் நின்றாள்.

இதுதான் வினையாகப் போயிற்று. நம் பக்கத்தில் பயந்த பிள்ளையைக் கரடிமேல் ஏற்றி இறக்கினால் பயம் தெளியும், அதன் முடியைத் தாயத்தில் அடைத்துக் கட்டினால் ராத்திரியில் உளறாது என்பார்கள். எந்தக் கரடி என்று யார் சொன்னார்கள்? காவேரி ஒரு விநாடி யோசித்தாள். கூட்டத்தை நிறுத்தக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து, பையனைத் தூக்கிப் பொத்தென்று கரடி முதுகில் வைத்தாள்.

மாதம்மாள் பதினாறு வருஷமாகக் கடலை அளக்கிறவள். மண்டியில் முதல் படியை யாரும் ‘ஒன்று’ என்று எண்ணமாட்டார்கள். அப்படிச் சொன்னால் ஒன்றோடு நின்றுவிடுமாம். முதல் படி ‘லாபம்’, அடுத்ததுதான் ‘ரெண்டு’. முதுகில் பொத்தென்று பாரம் விழுந்ததுதான் தாமதம், மரக்கால் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“லாபம்!”

காகிதக்கூழ் அண்டாவுக்குள்ளிருந்து அந்தக் குரல் கிணற்றுக்குள் இடி விழுந்தாற்போல் வந்தது. திடலே அடங்கியது. ராட்டினம் கூட நின்றுவிட்டது என்று சொல்கிறார்கள், நின்றுதான் இருக்கும். மாதம்மாள் உள்ளே கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு. அச்சடித்துக் கூப்பிட்ட ஒரே வேலையும் ஒரு வார்த்தையில் போச்சு.

பையன் மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு, கரடியின் காதைப் பிடித்துக்கொண்டு, “இன்னொரு தபா சொல்லு” என்றான்.

“கரடி வாக்குச் சொல்லிடுச்சுடீ” என்று கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவளிடம் கத்தினாள் காவேரி.

அவ்வளவுதான். கயிறு அறுந்தது. தர்மபுரி ஜில்லாவில் பயந்த பிள்ளைகள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று அதற்கு முன்பு யாருக்கும் தெரியாது. ஏற்றுகிறார்கள், இறக்குகிறார்கள், இறக்கும்போதே ஒரு கொத்து முடியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். தோற்றதுதான் தோற்றாயிற்று, வாயையாவது பட்டினி போடாமல் தோற்போம் என்று மாதம்மாள் வஞ்சனையில்லாமல் எண்ணினாள். ரெண்டு, மூணு, நாலு. நடுநடுவே விசாரணை வேறு. “ஏன் கண்ணு, இருட்டுன்னா பயமா? எனக்கும்தான். யாரு அது, வாலைப் புடுங்கறது? கரடிக்கு இருக்கறதே அத்தூண்டு வாலு, வுடும்மா.” நாற்பத்தொன்றில் நின்றபோது முதுகில் ஒரு முடி இல்லை. முழங்கால் இரண்டும் மரத்துப் போயிருந்தன.

கூட்டத்தில் நின்றிருந்த கிருஷ்ணப்பன் வந்து கரடித் தலையைக் கழற்றிவிட்டார். வேர்த்து விறுவிறுத்து, தலைமயிர் நெற்றியில் ஒட்டி, அவள் மானேஜரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் மொட்டைக் கரடியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தப்புத்தானுங்க. அளக்கற வாய், பழக்கத்துல வந்துடுச்சு” என்றாள்.

“மொதல்ல என்ன சொன்னே?”

“லாபம்னுங்க.”

அவர் அதைத் தன் பாஷையில் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். “லாபா.” பிறகு இன்னொரு முறை. பூங்கா இன்னும் திறக்கவில்லை. திறந்தால் ஓடுமா என்று முதலாளியிலிருந்து காவல்காரர்வரை தூக்கமில்லாமல் கிடக்கிறார்கள். அப்படியிருக்க, வாய் பேசாத கரடி வாய் திறந்து சொன்ன முதல் சொல் இது.

“கரடி மாத்தாட பாரது. அது ரூல்” என்றார். மாதம்மாள் தலை குனிந்தாள். “தெனம் காலையில கேட் தெறக்கறப்ப மட்டும், மொதல் கொழந்தைக்கு, அந்த ஒரு வார்த்தை சொல்லணும். மத்த நேரம் வாய் மூடணும். முடியுமா?”

முடியும் என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, மாதம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். கிருஷ்ணப்பன் வாயைப் பிளந்தார்.

மொட்டைக் கரடியைப் பூங்காவுக்குக் கொண்டுபோக முடியாது. புது உடுப்பு தைக்கிற வேலை, உறுமித் தோற்ற அப்துல் சுபானுக்கே வந்தது. அப்போதே அந்தத் திடலில் அளவு எடுக்க நாடாவோடு வந்தவர், எவ்வளவு உயரம் வைக்கட்டும், முன்பைவிடப் பெரிதாகத் தைக்கலாமே என்று மானேஜரைக் கேட்டார்.

“இந்தம்மா எவ்வளவோ, கரடியும் அவ்வளவுதான்” என்றார் மானேஜர். “இனிமே அதுதான் அளவு.”

அப்துல் சுபான் நாடாவை அவள் உச்சந்தலையிலிருந்து கால்வரை பிடித்து, “நாலடி எட்டங்குலம்” என்றார்.

“சரியா கேக்கலை பாய்” என்றாள் மாதம்மாள். “அந்த ராட்டினத்துக்காரருக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க.”