நிஜாம் பாய்க்காகப் போடாத ஒரு வரி

நேற்றுக் காலை வாசலில் பால் வாங்கும்போது பால்காரர்தான் சொன்னார். "சார், நம்ம நிஜாம் பாய் மௌத்தாயிட்டாராம். நேத்து முத்துப்பேட்டைப் பக்கம் வேலைக்குப் போனவரு, நெஞ்சு வலிக்குதுன்னு ரோட்டோரமா வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருக்காரு. அவ்வளவுதான்." நான் வீட்டுக்குள் போவதற்குள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் கும்பிடும் கைகள் வரிசை கட்டிவிட்டன. 'நேர்மையான மனிதர்' என்று ஒருவர். 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று இன்னொருவர். படிக்கப் படிக்கப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருடமாக இவர்களில் ஒருவர்கூட அவரை வீட்டு வாசலில் ஏற்றியதில்லை. ஏற்றாமல் செய்த புண்ணியவான் நான்தான்.

பாய் வளைகுடாவில் குடிநீர் ஆலையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு மன்னார்குடிக்குத் திரும்பியவர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின்களுக்கு பில்டர் மாற்றுவார். மூடியின் உட்புறம் ஒரு சீட்டு ஒட்டி, மாற்றிய தேதியையும் அடுத்த தேதியையும் முத்து முத்தாக எழுதுவார். ஆனால் அந்தத் தேதியை அவரே முழுசாக நம்பமாட்டார். "காலண்டர் செவுத்துல தொங்குது சார். தண்ணி ஆத்துலேந்து வருது. தேதி வரட்டும்னு சேறு காத்துக்கிட்டிருக்குமா?" என்பார்.

மூன்று வருடம் முன்பு ஆற்றில் புதுத்தண்ணீர் வந்து பத்து நாள் இருக்கும். ஆற்று ஊற்றில் ஊறும் எங்கள் போர் தண்ணீரும் லேசாகக் கலங்கியிருந்தது. பாய் தானாகவே வந்தார். "முன்னாடி இருக்குற பில்டரக் கழட்டிப் பாத்துருவோம் சார். அது அடைச்சா உள்ள உப்ப வடிகட்டுற மெம்பரேனையும் சேத்துக் கெடுத்துரும்" என்றார்.

"ஆறு மாசம்னு நீங்கதானே எழுதி ஒட்டினீங்க? நாலு மாசத்துலயே வந்து நிக்கிறீங்க?"

கழற்றக்கூட விடவில்லை. நான் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அதிலும் குடியிருப்போர் சங்கச் செயலாளர். எனக்கா ஆறுக்கும் நாலுக்கும் வித்தியாசம் தெரியாது? அன்று மத்தியானமே குழுவில் எழுதினேன்: 'நிஜாம் பாய் கெடு முடியும் முன்பே பில்டர் மாற்றச் சொல்லி ஏமாற்றுகிறார். எச்சரிக்கை.' தெருவே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது.

ஆறு மாசக் கெடு முடிந்தும் நான் பாயைக் கூப்பிடவில்லை. தை பிறந்தபோது எங்கள் வீட்டுத் தண்ணீரில் ருசி வந்தது. இங்கே யாருக்குமே மெஷின் தண்ணீர் சப்பென்றுதான் இருக்கும். என் மனைவி சரோஜா, "இப்பத்தாங்க நம்ம ஊருத் தண்ணி குடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். நான் சும்மா இருந்தேனா? பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒரு சொம்பு கொடுத்து, மாற்றாமல் விட்டதால்தான் இந்த ருசி என்று பீற்றிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் தண்ணீர் நூலாக ஒழுக ஆரம்பித்தது. சரோஜா என்னைக் கேட்காமல் பாய்க்குப் போன் போட்டாள். வந்தார். உப்பு அளக்கும் மீட்டரை மெஷின் தண்ணீரில் வைத்தார். பிறகு போர் தண்ணீரில் வைத்தார். கிட்டத்தட்ட ஒரே எண். "ருசி திரும்பி வந்தா சந்தோஷப்படாதீங்கம்மா. மெம்பரேன் போச்சுன்னு அர்த்தம். உப்பு அப்படியே இறங்குது" என்றார். முன் பில்டரைக் கழற்றினார். வெள்ளையாக இருக்க வேண்டியதில் வண்டல் அப்பிக் கிடந்தது. அதை என் முகத்துக்கு நேரே நீட்டிக்கூடக் காட்டவில்லை. செய்தித்தாளில் சுற்றி ஓரமாக வைத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "குரூப்ல ஒரு வரி போட்டுருங்க சார். பொண்ணுக்கு வரன் பேசிக்கிட்டிருக்கோம். வர்றவங்க அக்கம் பக்கத்துலதானே விசாரிப்பாங்க?"

"இன்னிக்கே போடுறேன் பாய்" என்றேன்.

போடவில்லை. தட்டுவேன், அழிப்பேன். செயலாளர் சொன்னதைச் செயலாளரே விழுங்குவதா என்ற வீம்பு. அந்த வரன் தட்டிப்போனதைப் பிறகு கேள்விப்பட்டேன். என்ன காரணம் என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை. பாய் எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்துகொண்டிருந்தார். மறுபடி அதைக் கேட்கவே இல்லை. ஒருமுறை வெட்கமில்லாமல், "வேலையெல்லாம் எப்படி பாய்?" என்றேன். "அல்லா கொடுக்குறான் சார். கடக்கரைப் பக்கம் பூரா உப்புத் தண்ணி, வேலைக்கென்ன பஞ்சம்?" என்று சிரித்தார். அறுபதை நெருங்கும் மனிதர் அந்த ஓட்டை மொபெட்டில் அவ்வளவு தூரம் யாரால் போனார் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

பாயை அடக்கம் செய்த மையவாடியிலிருந்து திரும்பி வந்து மெஷின் மூடியைத் திறந்தேன். அடுத்த தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அவர் கையெழுத்தில். செய்தித்தாளில் சுற்றிய அந்தப் பழைய பில்டர் என் அலமாரியில் இருக்கிறது. எனக்கு அருகதை இல்லைதான், ஆனாலும் வைத்துக்கொள்கிறேன்.

நம் சங்கத்தின் இரங்கல் கூட்டத்தில் வாசிக்க நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னீர்கள், தெருக்காரர்களே. நல்ல வார்த்தைகளை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். நான் எழுத வேண்டியது ஒரு வரிதான். முந்தாநாள் காலையில் போட்டிருந்தால்கூட அவர் காதுக்கு எட்டியிருக்கும்.

நிஜாம் பாய் யாரையும் ஏமாற்றவில்லை. பொய் சொன்னது நான்.