நாலு வருஷ டெபாசிட்

வேலாயுதம் அண்ணனுக்கு ஊரில் இருக்கும் எல்லா பேங்குகளின் வட்டி விகிதமும் மனப்பாடம்.

உப்பளம் பேட்டையில் எனக்கு எதிர் வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் — பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. அறுபத்திரண்டு வயது, பிரெஞ்சு பாஸ்போர்ட், யூரோவில் பென்ஷன். போன வருஷம் நெஞ்சு வலி வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்பி வந்ததிலிருந்து ஒரே பேச்சுதான்.

"நாளைக்கே நான் போயிட்டா சுசீலாவுக்கு என்னா இருக்குது? ஏதாச்சும் ஒண்ணுல போட்டு வைக்கணும்ப்பா."

சுசீலா அண்ணி அவர் மனைவி. பிள்ளைகள் இல்லை. கவலை நியாயமானதுதான். ஆனால் எதில் போடுவது? சேவிங்ஸா, ஃபிக்ஸட் டெபாசிட்டா, மியூச்சுவல் ஃபண்டா?

ஃபண்ட் ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கே வந்து, கோடு ஒன்று மேலே மேலே ஏறும் படத்தைக் காட்டினார். அண்ணன் அந்தத் தாளைப் பின்பக்கமாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோடு இறங்கிக்கொண்டிருந்தது. "இப்படியும் போவுமா?" என்று கேட்டார். ஏஜென்ட் மறுபடி வரவில்லை.

கடைசியில் யாரோ சொன்னார்கள்... என்.ஆர்.ஐ. கணக்குதான் வசதி, வட்டிக்கு வரி கிடையாது என்று. அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் பீரோவில் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

ஒரு நாள் காலையில் மூன்று பேரும் பேங்குக்குப் போனோம். ஃபாரம் நிரப்ப நான், கையெழுத்துப் போட அவர், துணைக்கு அண்ணி. மேனேஜர் ஓர் அம்மா. பாஸ்போர்ட்டைப் புரட்டினார்.

"கடைசியா எப்போ சார் இந்தியாவுக்கு வந்தீங்க?"

"இருபத்திரெண்டு வருசம் ஆவுது."

"நடுவுல எங்கேயும் வெளியே போகலையா?"

அண்ணன் யோசித்தார். "கடலூருக்குப் போனேன். சாயங்காலமே வந்துட்டேன்."

மேனேஜர் சிரிக்கவில்லை. அதற்காக அவரை நான் மதிக்கிறேன். "பாஸ்போர்ட் எந்த நாடுங்கிறது கணக்கில்ல சார். நீங்க எங்க குடியிருக்கீங்கன்னுதான் பார்ப்போம். நீங்க இங்கயே இருக்கீங்க. எல்லாரையும் மாதிரி சாதா கணக்குதான்."

இருபத்திரண்டு வருஷம் வெளிநாட்டுக்காரராக உப்பளத்தில் வாழ்ந்தவரை இரண்டு நிமிஷத்தில் உள்ளூர்க்காரர் ஆக்கிவிட்டார்கள். அவர் முகம் வாடியதைப் பார்த்து மேனேஜருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னார்.

"ஏன் சார் இவ்ளோ கவலைப்படறீங்க? உங்களுக்கப்புறம் மேடத்துக்குப் பாதி பென்ஷன் வந்துடுமே. எங்ககிட்டயே நிறைய பேர் வாங்கறாங்க."

அண்ணன் பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வராது."

"ஏன் வராது?" — கேட்டது மேனேஜர் அல்ல, அண்ணி.

"மேரியில பதியல."

மேரி என்றால் எங்கள் ஊர் முனிசிபாலிட்டி. பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள், பெயர் போகவில்லை. அண்ணன் குடும்பம், இந்து சட்டம் வேண்டாம், பிரெஞ்சு சட்டமே போதும் என்று தாத்தா காலத்திலேயே கையெழுத்துப் போட்ட குடும்பம். அந்தச் சட்டத்தின் கண்ணில் மேரியில் பதிந்தால்தான் கல்யாணம். கோயிலில் தாலி கட்டி ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டது வெறும் விருந்து.

ராணுவத்தை விட்டு வந்த வருஷமே கல்யாணம் செய்துகொண்டவர். பதிய வேண்டுமென்றால் பிறப்புப் பத்திரமெல்லாம் எடுக்க வேண்டும், மேரி வாசலில் நோட்டீஸ் ஒட்டிக் காத்திருக்க வேண்டும். அடுத்த வாரம் பார்த்துக்கலாம் என்றார். அந்த அடுத்த வாரம் இருபத்திரண்டு வருஷமாக ஓடிவிட்டது. மேரி எங்கே இருக்கிறது? வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷம்!

மனுஷன் வட்டி வட்டி என்று ஏன் அலைந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு கையெழுத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியத்தை, அண்ணிக்குத் தெரியாமல் டெபாசிட் போட்டு மூடப் பார்த்திருக்கிறார்.

சாயங்காலம் அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, வருசா வருசம் பென்சனுக்கு ஒரு ஃபாரம் எழுதி அனுப்பறாரே, அதுல என்னை என்னான்னு போட்டிருக்காரு?"

அந்த ஃபாரத்தை அண்ணனுக்காகத் தபாலில் சேர்த்தவனே நான்தான்; உறையை ஒட்டும்போது அந்தக் கட்டம் கண்ணில் பட்டிருக்கிறது. பொய் சொல்ல வரவில்லை. "மணமாகாதவர்னு போட்டிருக்காரு அண்ணி."

"பென்சன் போனாப் போவுது. என்னை இல்லாத ஆளா எழுதி, கீழ கையெழுத்தும் போட்டிருக்காரே..." எனக்கு அண்ணன் மேல் வந்த கோபத்தை இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "திங்கக்கிழமை மேரிக்குப் போறோம். நீங்க சாட்சி."

விசாரித்ததில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. ஓய்வு பெற்ற பிறகு கல்யாணம், பிள்ளையும் இல்லை என்றால், பதிந்த நாளிலிருந்து நாலு வருஷமாவது தம்பதியாக வாழ்ந்திருக்க வேண்டுமாம். அப்போதுதான் மனைவிக்குப் பென்ஷன். நெஞ்சு வலிக்காரர் இதைக் கேட்டு விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

பத்திரம் எடுத்து, நோட்டீஸ் ஒட்டி, ஒரு நல்ல நாளில் கல்யாணம் நடந்தது. அதிகாரி அண்ணியைப் பார்த்து, "இவரைக் கணவராக ஏற்கச் சம்மதமா?" என்று கேட்டார். கோயிலில் இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அண்ணி உடனே பதில் சொல்லவில்லை. மின்விசிறி சுற்றியது. அதிகாரி மறுபடி கேட்டார். அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. பிறகுதான் அண்ணி, "ம்... சம்மதம்" என்றார்.

பணம்? அதே பேங்கில், சாதா ஃபிக்ஸடில்தான் கிடக்கிறது. யாரும் அதைப் பற்றி இப்போது பேசுவதில்லை. வட்டிக்கு அரை சதவீதம் கூடுதலாகத் தேடி ஊரெல்லாம் அலைகிறோம். வீட்டுக்காகப் போட வேண்டிய ஒரு கையெழுத்துக்குத்தான் நமக்கு நேரம் கிடைப்பதில்லை.

போன வாரம் பீச் ரோட்டில் விடியற்காலையில் இருவரையும் பார்த்தேன். அண்ணன் வேர்க்க விறுவிறுக்க முன்னால், அண்ணி பத்தடி பின்னால்.

"என்ன அண்ணே, வாக்கிங்கா?"

"வாக்கிங்கு இல்லப்பா, டெபாசிட்டு. உப்பு இல்ல, கறி இல்ல, சாயங்காலம் ஒரு கிளாஸ் இல்ல. முதிர்வுக்கு இன்னும் மூணு வருசம் ஏழு மாசம் இருக்குது. அன்னிக்கு உடுவாளாம்." நிற்காமல் போய்விட்டார்.

அண்ணி பக்கத்தில் வந்ததும் மெதுவாகக் கேட்டேன். "நாலு வருஷம் முடிஞ்சா நெஜமாவே விட்டுடுவீங்களா அண்ணி?"

"அதுக்கப்புறமும் நடக்கத்தான் போறாரு. பென்சனுக்காகத்தான்னு நெனைச்சுக்கினு இருக்கட்டும், தம்பி. எனக்காகன்னா அடுத்த வாரம் பார்த்துக்கலாம்பாரு."