வீட்டு மதிப்பைக் குறைக்கச் சொன்னோம்

கவுன்சிலிலிருந்து அந்தக் கடிதம் வந்த அன்று என் கணவர் அதை நின்றபடியே படித்துவிட்டு, "போச்சு. நம்ம வீட்டு விலை ஏறிடுச்சு" என்றார். துக்கச் செய்தி சொல்லும் குரலில்தான் சொன்னார். மதுரையில் என் அப்பாவிடம் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வந்திருப்பார். ஆக்லாந்தில், விற்கிற எண்ணமே இல்லாமல் மார்ட்கேஜ் கட்டிக்கொண்டு குடியிருக்கிறவர்களுக்கு, வீட்டு விலை ஏறியது என்றால் வரிதான் முதலில் ஞாபகம் வரும்.

இங்கே மூன்று வருடத்துக்கு ஒருமுறை கவுன்சில் நகரத்தின் எல்லா வீடுகளுக்கும் புதிதாக மதிப்புப் போடும். மண்ணுக்கு இவ்வளவு, மண்ணின் மேல் நிற்கும் கட்டடத்துக்கு இவ்வளவு. இரண்டும் சேர்ந்ததை சிவி என்பார்கள். அந்த சிவியை வைத்துத்தான் ரேட்ஸ் என்கிற வீட்டு வரி. மதிப்புப் போட யாரும் வீட்டுக்குள் வருவதில்லை. அக்கம்பக்கத்தில் விற்ற விலையையும் தங்களிடமுள்ள பழைய பதிவுகளையும் வைத்துக்கொண்டு அலுவலகத்திலிருந்தே போட்டுவிடுவார்கள். எங்கள் மவுண்ட் ரோஸ்கில் வீட்டைப் பற்றிய பதிவில், மூன்று படுக்கையறை, ஓட்டுக் கூரை, பின்னால் தனியாக ஒரு கராஜ் என்றுதான் இருந்தது.

அந்தக் கராஜில் ஓர் அக்கா குடியிருந்தார்.

அக்கா என்றால் எனக்குச் சொந்தம் இல்லை. இலங்கையில் மன்னார்க்காரர், கத்தோலிக்கர், ஐம்பதைத் தாண்டிய தனி ஆள். மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. தமிழ் மளிகைக் கடையில் ரூம் விசாரித்துக்கொண்டிருந்தவரிடம் நான்தான் பேச்சுக் கொடுத்து அழைத்து வந்தேன். எங்களுக்கு முன் அந்த வீட்டை வைத்திருந்தவர் கராஜுக்குள் சுவர் எழுப்பி, ஜன்னல் வைத்து, ஒரு பாத்ரூமும் சின்னச் சமையல் மேடையும் போட்டிருந்தார். எதற்கும் கவுன்சிலிடம் கன்சென்ட் என்கிற கட்டட அனுமதி வாங்கவில்லை. வீடு வாங்கும்போதே வக்கீல் இதைச் சொல்லி எச்சரித்தார். அப்போது எங்களுக்கு ஒரு வீடு கிடைத்தால் போதும் என்று இருந்தது, மாடு மாதிரித் தலையாட்டிவிட்டோம். வெளியிலிருந்து பார்த்தால் பழைய ரோலர் கதவு. பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் கட்டில், மேசை, ஜன்னல் திரை, சுவரில் மடு மாதா படம்.

கடிதத்தில், மதிப்பு சரியில்லை என்று நினைத்தால் ஆட்சேபிக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. என் கணவருக்கு அது போதாதா? "நாம என்னைக்காவது பேரம் பேசாம ஒரு கத்திரிக்காய் வாங்கியிருக்கோமா? சொன்ன விலைக்குச் சரின்னு போயிட்டா நம்மள கேனையன்னு நினைப்பாங்க" என்றார். மதிப்பு எவ்வளவு ஏறியதோ ரேட்ஸும் அவ்வளவு ஏறும் என்பது அவர் கணக்கு. எனக்கும் அதுதான் கணக்கு. கூரை பழசு, சுவரெல்லாம் ஈரம், பஸ் போனால் கண்ணாடி அதிர்கிறது என்று பெண் பார்க்க வந்தவன் குறை சொல்வதுபோல் ஒன்றுவிடாமல் எழுதினார். கம்ப்யூட்டரில் அனுப்பிவிட்டு, ஏதோ சாதித்த மாதிரி கைகளை நீட்டிச் சோம்பல் முறித்தார். இரண்டு பேருக்குமே கராஜ் ஞாபகம் வரவில்லை.

சில வாரம் கழித்துப் பதில் வந்தது. உங்கள் ஆட்சேபணையைப் பரிசீலிக்கிறோம், மதிப்புப் போடுகிற எங்கள் வேல்யுவர் நேரில் வந்து வீட்டை உள்ளும் புறமும் பார்வையிடுவார் என்று.

உள்ளும் புறமும். நான் அந்த இரண்டு சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கராஜுக்குள் ஆள் குடியிருப்பதைப் பார்த்தால் என்ன செய்வார்கள்? இடிக்கச் சொல்வார்களா? அபராதமா? இன்சூரன்ஸ்காரன் கைவிரித்துவிடுவானா? எல்லாவற்றுக்கும் முன்னால், அக்காவை அன்றைக்கே வெளியே போகச் சொல்வார்களே! இந்த ஊரில் ஒற்றைச் சம்பளத்தில் அவர் எங்கே போவார்?

"என்னங்க, வாபஸ் வாங்கிடலாம். வேணாம் சாமின்னு எழுதிடுங்க."

"இப்ப வாங்கினா சந்தேகம் வராதா? வரேன்னு சொன்னதும் வேணாங்கறாங்களே, எதையோ மறைக்கறாங்கன்னு நினைக்க மாட்டாங்க?"

பயந்தவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் மூளை வேலை செய்யும். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. தூக்கம் போயிற்று. எங்கள் தெருவில் கவுன்சில் வண்டி ஒன்று மரக்கிளை வெட்ட வந்ததற்கே நான் திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

அக்காவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். "ஒரே ஒரு நாள்தான் அக்கா. பொருளையெல்லாம் எடுத்துட்டு, ஸ்டோர் ரூம் மாதிரி காட்டிடலாம். சாயங்காலமே நீங்க திரும்ப வந்துடலாம்" என்றேன்.

அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"ஓம் தங்கச்சி. எத்தினை மணிக்கு வருவினமாம்?"

"காலையிலன்னு சொல்லியிருக்காங்க."

"சரி. நான் விடியவே வெளிக்கிடுறன். நீங்கள் யோசிக்காதேங்கோ" என்றார். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டாரே என்று எனக்கு உயிர் வந்தது.

வேல்யுவர் வரும் அன்று விடிகாலையில் உதவிக்குப் போனபோது வேலை பாதி முடிந்திருந்தது. துணியை எப்படி உருட்டினால் இடம் மிஞ்சும், பானைக்குள் எதை வைக்கலாம், எந்தப் பையை மேலே வைக்க வேண்டும் என்று அவர் கை தானாகச் செய்தது. பாஸ்போர்ட்டும் காகிதங்களும் தனியாக ஒரு பையில் மார்போடு சாய்ந்து தொங்கின. மாதா படத்தைத் துவாலையில் சுற்றிக் கடைசியாக எடுத்தார். எல்லாவற்றையும் தன் சின்னக் காரில் ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். நாங்கள் கட்டிலைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, புல்வெட்டும் மெஷினையும் பழைய பெட்டிகளையும் உள்ளே தள்ளினோம்.

வேல்யுவர் நல்ல உயரமான, சாந்தமான மனிதர். வாசலில் எங்கள் செருப்புகளைப் பார்த்ததும் தன் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். என் கணவர் ஈரம் பிடித்த மூலைகளை எல்லாம் பெருமையாகக் காட்டினார். நான் காபி போட்டு, முறுக்கு வைத்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உபசரித்தேன். தின்றுகொண்டே இருந்தால் பின்பக்கம் போக மாட்டார் என்று ஒரு நப்பாசை.

காபி குடித்தபடி அவர்தான் எங்கள் கணக்கிலிருந்த தப்பைச் சொன்னார். மதிப்பு ஏறினால் வரியும் அதே அளவு ஏறும் என்பதில்லையாம். மொத்தம் எவ்வளவு வேண்டும் என்று கவுன்சில் முதலில் முடிவு செய்துவிடும். பிறகு யார் வீடு எவ்வளவு பெறும் என்று பார்த்துப் பங்கு பிரிக்கும். ஊரில் எல்லா வீடும் சேர்ந்து ஏறியிருந்தால் உங்கள் பங்கு பெரிதாக மாறாது. மற்ற வீடுகளைவிட உங்கள் வீடு அதிகமாக ஏறினால்தான் பங்கு கூடும். கோயில் திருவிழாவுக்கு வரி போடுகிற மாதிரிதான். செலவு முதலில், பங்கு பிறகு. இது தெரிந்திருந்தால் அந்த ஆட்சேபணையே போட்டிருக்க மாட்டோமே! நான் கணவரைப் பார்த்த பார்வையில் அவர் முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"சரி, பின்பக்கம் பார்த்துவிடலாம்" என்று வேல்யுவர் எழுந்துபோய் வாசலில் பூட்ஸை மாட்டிக்கொண்டார்.

"அங்கே ஒன்றுமில்லை. வெறும் கராஜ். பழைய சாமான்" என்று கணவர் பின்னாலேயே ஓடினார். நானும் போனேன். பக்கவாட்டுக் கதவுக்கு முன்னால் போனதும் அவர் நின்றார். நின்றவர், குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

எதற்குக் கழற்றுகிறார் என்று ஒரு கணம் புரியவில்லை. பிறகு பார்த்தேன். கதவோரம், சின்னக் கால்மிதியின் மேல், அக்காவின் நீல ரப்பர் செருப்பு ஒன்றையொன்று ஒட்டி நேராக வைக்கப்பட்டிருந்தது. உள்ளேயிருந்து ஊசி நூல்வரை எடுத்த எங்கள் மூன்று பேர் கண்ணிலும் அது படவேயில்லை. கதவென்றால் வெளியே செருப்பு இருக்கும், அதை எவன் கவனிப்பான்? ஆனால் கராஜுக்குப் போகிறவன் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவானா? பாதகத்தி, நான் காலையில் அந்தச் செருப்பைத் தாண்டித்தானே நாலு முறை போய் வந்தேன்!

"இங்கே யாராவது குடியிருக்கிறார்களா?" என்றார், குனிந்தபடியே.

கணவர் என்னைப் பார்த்தார். "சாமி அறை" என்றேன். எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. "நாங்கள் கும்பிடுகிற இடம்."

அவர் காலுறையோடு உள்ளே போனார். புல்வெட்டும் மெஷின், பெட்டிகள், கழற்றிய கட்டில், பளபளவென்று துடைத்த சிங்க். திரை கழற்றிய ஜன்னல் கம்பியையும் பார்த்தார். வெளியே வந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினார். அந்த முடிச்சு போட எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்! நான் பிள்ளையாரை, மாதாவை, தெரிந்த எல்லாரையும் கூப்பிட்டேன்.

"நான் மதிப்புப் போடுகிறவன்" என்றார் கடைசியில். "கன்சென்ட் பார்க்கிறது என் வேலை இல்லை. இந்த இடத்தில் பெரும்பங்கு மதிப்பு மண்ணுக்குத்தான். ஆனால் தூங்குகிற அறையில் புகை வந்தால் கத்துகிற அலாரம் ஒன்று இருக்க வேண்டும். சாமி தூங்கினாலும் சரி." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா மாலையில் திரும்பி வந்தார். கட்டிலை மறுபடி பூட்டிக் கொடுத்தோம். மறுநாளே அலாரம் வாங்கி மாட்டினோம். ஆனாலும் எனக்கு நிம்மதி இல்லை. அந்த மனிதர் சொல்ல மாட்டார் என்பது என்ன நிச்சயம்? வேறு யாரிடமாவது பேச்சுவாக்கில் சொன்னால்? தபால்பெட்டி திறக்கும்போதெல்லாம் கவுன்சில் உறை இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன். வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு எட்டிப் பார்ப்பேன். என் பயத்தைப் பார்த்துக்கொண்டே, பத்தடி தள்ளி அக்காவும் இருந்தார். அதை நான் யோசிக்கவில்லை.

குளிர்காலத்தில் முடிவு வந்தது. மதிப்பில் மாற்றம் எதுவும் இல்லை. அதைத் தொடர்ந்து ரேட்ஸ் பில்லும் வந்தது. நாங்கள் நடுங்கிய நடுக்கத்துக்குக் கொஞ்சமும் பொருத்தமில்லாமல், கொஞ்சம்தான் ஏறியிருந்தது. கவுன்சில் ஆள் யாரும் வரவில்லை. கணவர், "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றார். என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

எனக்கு அக்காவிடம் சொல்லியாக வேண்டும். கராஜுக்கு ஓடினேன். "அக்கா, எல்லாம் முடிஞ்சிருச்சு! இனிமே யாரும் வர மாட்டாங்க!"

"நல்லது தங்கச்சி" என்றார். "நானும் உங்களோட கதைக்க வேணும் எண்டிருந்தனான். வெஸ்ட்கேட்டில ஒரு குடும்பத்தின்ர வீட்டில அறை கிடைச்சிருக்கு. சனிக்கிழமை போகப்போறன்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அறையைப் பார்த்தேன். சுவரில் எதுவும் மாட்டவில்லை. துணிகள் பெட்டியிலேயே இருந்தன. இத்தனை வாரமும் அப்படியே இருந்திருக்கிறார்.

"வெஸ்ட்கேட்டா? அங்கேருந்து வேலைக்கு மோட்டார்வேயில, அந்த வேகத்துல வரணுமே அக்கா. மோட்டார்வேன்னா உங்களுக்கு உசிரே போகும்பீங்களே."

"அது வேற பயம், பிள்ளை. கண்ணுக்கு முன்னால தெரியிற பயம்."

"இங்க இனிமே ஒரு பயமும் இல்லையே அக்கா. பேப்பரே வந்துருச்சு."

"உங்களுக்குப் போயிட்டுது. எனக்கு வந்திட்டுது." கோபமே இல்லாமல்தான் சொன்னார். "சண்டைக்குள்ள எத்தினை தரம் சாமான் கட்டினனான் எண்டு எனக்கே நினைவில்லை. ஒவ்வொரு தரமும் ஆரோ ஒராள் வந்து, ஒரு நாளைக்கு மட்டும் வெளிக்கிடுங்கோ, பின்னேரம் திரும்பி வரலாம் எண்டுதான் சொன்னவை. உங்களில பிழையில்லை. ஆனா இந்த அறையில எனக்கு இனி நித்திரை வராது. அங்க முதலே கேட்டனான், இது கவுன்சிலுக்குத் தெரிஞ்ச அறையோ எண்டு. கடுதாசி காட்டினவை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இருங்க அக்கா என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? நாளைக்கு இன்னொரு கடிதம் வந்தால் மறுபடியும் இந்தக் கதவைத் தட்டப்போவது நான்தானே.

சனிக்கிழமை மழை. கணவர் மாடிப்படி விளக்கை ரிப்பேர் செய்கிறேன் என்று வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டார். அக்கா காரின் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார். பெரிய பெட்டியைத் தூக்க நான் கை நீட்டினேன்.

"விடுங்கோ தங்கச்சி, எனக்கு இது பழக்கம்" என்று தானே தூக்கி வைத்தார்.