பூவரசடியில் ஊற்றிய பால்

எனக்கு எண்பத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒன்றையும் மண்ணுக்குக் கொடுக்கவில்லை. ஐந்தும் என் பால் குடித்து நிமிர்ந்தவை. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான் என் படிப்பு. அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

வாந்திபேதிக் கொட்டகையை விட்டு ஓடாமல் நின்றவள் நான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது ஓர் இடம் வந்தால் தாண்டிப் போய்விடுவேன். இன்றைக்குத் தாண்டவில்லை.

அது ஜப்பான்காரன் சண்டைக்காலம். ரங்கூனுக்குப் போன என் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் நின்றுபோயிருந்தது. கையில் ஐந்து மாதப் பையன். மாமியாரிடம் அவனை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தேன். பங்குனி கழிந்ததும் பேதி வந்தது. திருமயம் போகும் சாலையில், ஊருக்கு வெளியே பொட்டலில் கீற்றுக் கொட்டகை போட்டு, ஒரு நர்ஸம்மாவையும் இரண்டு ஆயாக்களையும் அனுப்பினார்கள். நோய் அடங்கும் வரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான்காம் நாள் மற்ற ஆயா வேலியைத் தாண்டிப் போய்விட்டாள். மாற்று நர்ஸ் வருவார் வருவார் என்றார்கள், வரவில்லை.

முப்பது பாயில் கிடந்த நோயாளிகளுக்கு நாங்கள் இரண்டு பேர். நரம்பில் உப்புத்தண்ணீர் ஏற்றுவதுதான் வைத்தியம். பாட்டிலைக் கம்பில் கட்டித் தொங்கவிட்டு நர்ஸம்மா ஊசி குத்துவார். ஊசி மழுங்கினால் கல்லில் தீட்டி, கொதிநீரில் போட்டு எடுத்துக் கொடுப்பது என் வேலை. மருந்துத் தண்ணீரில் கழுவிக் கழுவி அவர் கைத்தோல் உரிந்து வந்தது. நின்றுகொண்டே கஞ்சி குடிப்பார். குடித்து முடித்ததும், நான் குடிச்சேனா இல்லையா என்று என்னிடமே கேட்பார்.

"கண்ணாடி பாத்து எத்தன நாளாச்சு புள்ள?" என்பார்.

"நீங்க பாக்காதீங்க. பயந்துருவீங்க" என்பேன்.

முதல் வாரம் அதற்குச் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. ஊசியைப் பிடுங்கி எறிந்த ஒரு கிழவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டு, அவர் காலடியிலேயே உட்கார்ந்து, "என்னய வீட்டுக்கு அனுப்பிருங்க, என்னய அனுப்பிருங்க" என்று அவரிடமே கேட்டுக்கொண்டிருந்தார். கிழவருக்குக் காது கேட்கிற நிலை இல்லை.

எனக்குப் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாக இருந்தது. காலையில் மாமியார் வேலிக்கு அப்பால் நின்று பையனைத் தூக்கிக் காட்டுவார்.

"ஒம்புள்ள ஆட்டுப்பாலக் குடிச்சிட்டு ஆடு மாதிரியே கத்துறான். பாலு வத்தாமப் பாத்துக்க ஆத்தா."

வற்றக் கூடாது என்றுதான் வேளாவேளைக்குப் பீய்ச்சி எடுத்தேன். தாய்ப்பால் காலில் மிதிபடக் கூடாது என்பார்கள். கொட்டாங்கச்சியில் பிடித்து வேலியோரப் பூவரசு மரத்தடியில் ஊற்றுவேன். எறும்புகள் எனக்கு முன்பே வந்து காத்திருக்கும்.

ஒரு நாள் காலை வண்டிக்காரர் ஒருத்தியைக் கொண்டுவந்து இறக்கினார். மடியில் மூன்று மாதப் பெண்குழந்தை. எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று வண்டிக்காரருக்கும் தெரியவில்லை. உச்சிப்பொழுதுக்குள் அவள் செத்துப்போனாள். குழந்தை நன்றாக இருந்தது, பசியில் கத்தியது. அதை எடுத்துப் போக யாரும் வரவில்லை. நர்ஸம்மா அதைத் தூக்கிக்கொண்டு ஊசி தீட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்தார்.

"ஏத்தா, ஒரு வாட்டி குடு. இதுக்கு வாந்தியும் இல்ல, பேதியும் இல்ல. பசி."

"எம்புள்ள குடிக்கிற பாலுங்க இது. இதுகிட்ட நோவ வாங்கி அவனுக்கு ஊட்டச் சொல்றீங்களா?"

"அவன் எங்க குடிக்கிறான்? மண்ணுலதான ஊத்துற."

"மண்ணுக்கு நோவு வராதுங்க."

எனக்கு மேலே இருந்தவர், அதட்டியிருக்கலாம். அதட்டினால் நானும் வேலி தாண்டிவிடுவேன் என்று பயந்திருப்பார். பாட்டில் வந்த மரப்பெட்டியில் துணி விரித்துக் குழந்தையைப் போட்டார். சர்க்கரைத் தண்ணீரில் துணியை நனைத்து வாயில் வைத்தார். ஒரு துளி வைப்பதற்குள் கொட்டகையின் மறுகோடியிலிருந்து கூப்பிடுவார்கள், ஓடுவார். திரும்பி வருவார், மறுபடி ஓடுவார். என்னை அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை.

நோவுக்குப் பயந்தேன் என்றுதான் சொன்னேன். அது பாதிதான். என்ன சாதியோ, யார் பெற்றதோ என்பதும் எனக்குள் இருந்தது. அன்று சாயங்காலமும் மறுநாளும் பூவரசடியில்தான் ஊற்றினேன். அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் மரத்துக்குப் போக வேண்டும்.

மூன்றாம் நாள் மத்தியானம் அழுகை நின்றுவிட்டது. அந்த அமைதிதான் என்னை எழுப்பியது. போய்த் தூக்கினேன். காய்ந்த வெற்றிலை கனம்கூட இல்லை. உட்கார்ந்து ரவிக்கையை அவிழ்த்து வாயில் வைத்தேன். வாயைத் திறந்தது. பற்றிக்கொள்ளத் தெம்பில்லை. பால் தானாக இறங்கி, வாய் நிரம்பி, கன்னத்தில் வழிந்து, என் மடிச்சேலையை நனைத்தது. ஒரு மிடறு இறங்கியதா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கால் குளிர்ந்துவிட்டது.

நர்ஸம்மா வந்து நின்றார். குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சரி, எந்திரி. அங்கிட்டு பாட்டில் முடியப் போவுது" என்றார்.

எழுந்து போனேன். அங்கே கிடந்த ஆளின் நரம்பைத் தேடிய ஊசி ஓரிடத்தில் நிற்கவில்லை. நர்ஸம்மாவின் மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டேன். நான்கு முறை குத்தியும் கிடைக்கவில்லை. ஐந்தாவது முறைக்கு அந்த ஆள் இல்லை.

தாயை மூடிய குழியிலேயே ஓர் ஓரத்தைத் தோண்டிக் குழந்தையையும் வைத்தார்கள். மேலே சுண்ணாம்பு தூவியிருந்தது. அன்றைய பாலைக் கொண்டுபோய் அதன்மேல் ஊற்றினேன். சுண்ணாம்பு குடித்துவிட்டது, ஊற்றிய தடமே தெரியவில்லை.

கொட்டகையைப் பிரித்த அன்று நர்ஸம்மா என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் வண்டி ஏறினார். அதற்குப் பிறகு அவர் கை ஊசிக்கு நிற்கவில்லை, வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் வீட்டுக்குப் போய்த் தலைமுழுகிவிட்டுப் பையனை எடுத்தேன். மறந்திருப்பான் என்று நினைத்தேன். மறக்கவில்லை, முட்டி முட்டிக் குடித்தான். அவன் தொண்டையில் பால் இறங்கும் சத்தத்தை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. வீட்டுக்காரர் ரங்கூனிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். அவனுக்குப் பிறகு நான்கு பெற்றேன். நான்குக்கும் பால் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கொடுத்தேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள். அவளிடம் சொன்னேன்:

"என்னயப் பாக்காத தாயி. மொதல்லேர்ந்து மெதுவா வாசி. மண்ணுக்கு நோவு வராதுன்னு நான் சொன்னத எழுதுனியா, 'பாவம் அப்பத்தா'ன்னு விட்டுட்டியான்னு பாக்கணும்."