பஸ் பாட்டின் இரண்டாம் சரணம்

ஹெலனுக்குப் பயம் பிறந்த வீட்டுச் சீதனம். பல்லி கத்தினால் பயம், இடி இடித்தால் பயம், சூப்பர்வைசர் தும்மினால் பயம். ஆம்பூர் பைபாஸ் ஓரம் இருக்கும் எங்கள் ஷூ கம்பெனியில் பதினெட்டு வருஷமாக ஊசி கவுண்டரைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். நான் டைம் ஆபீஸ் கிளார்க் பஞ்சாட்சரம். இப்படியொரு பயந்தாங்கொள்ளியிடம் போய் ஊசியைக் கொடுத்து வைத்திருக்கிறார்களே என்று ஆரம்பத்தில் கிண்டல் பண்ணியிருக்கிறேன். அந்த வேலைக்குப் பயந்தவள்தான் லாயக்கு என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

எங்கள் சரக்கு ஜப்பானுக்குப் போகிறது. எல்லாம் சின்னப் பிள்ளைகள் போடுகிற கறுப்புத் தோல் ஷூ. தையல் மெஷினில் ஊசி உடைந்தால் துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கி ஹெலனிடம் கொண்டுவர வேண்டும். அவள் துண்டுகளைச் சேர்த்து முழு ஊசி ஆகிறதா என்று பார்த்து, நோட்டில் டேப் போட்டு ஒட்டி, அப்புறம்தான் புது ஊசி கொடுப்பாள். ஒரு துண்டு குறைந்தாலும் லைன் நிற்கும். தைத்து வைத்த மேல்பாகம் அத்தனையும் ஊசி கண்டுபிடிக்கிற மெஷினுக்குள் போய் வரவேண்டும். அடிப்பாகம் சேர்த்துவிட்டால் அந்த மெஷினால் பிரயோஜனம் கிடையாது. உள்ளே இரும்புத் தகடு வைத்துவிடுவதால் எந்த ஷூவைக் காட்டினாலும் கத்தும்.

பாட வந்தால் மட்டும் ஹெலனுக்குப் பயம் கிடையாது. சர்ச் பாடகர் குழுவில் அவள் குரல்தான் முன்னால் நிற்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால் கேன்டீனில் கிறிஸ்துமஸ் கொண்டாடியபோது அவள் பாடியதை மொரிதா கேட்டார். மொரிதா என்பவர் ஜப்பான்காரர்களுக்காகச் சரக்கின் தரம் பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர். அவருக்கு அவர் ஊர்ப் பாட்டுக்குழு ஒன்றின் மேல் பைத்தியம். இவர் பள்ளிக்கூடம் படிக்கும்போது கிடாரைத் தூக்கிய நாலு பேர், இவர் தலை நரைத்த பிறகும் மேடையை விட்டு இறங்கவில்லையாம். சரக்குக்குக் கையெழுத்துப் போட்ட அன்று மதியம் மூன்று மணிக்கு, கேன்டீன் டிவியில் அவர்கள் இசையை ஓடவிட்டு, நிறம் மாறும் எழுத்தைப் பார்த்து மைக்கில் பாடுவார். கையெழுத்து ஆகாமல் கரோக்கி இல்லை என்பது அவர் வைத்த சட்டம். அவர் குரல் தகர டப்பாவில் ஜல்லியைக் குலுக்கினது போல இருக்கும். ஆனாலும் இருநூறு பேரும் கைதட்டுவோம். அரைமணி நேரம் வேலை இல்லையே!

அவருக்குப் பிடித்தது மூன்று பாட்டு. பெயர் எங்கள் வாயில் நுழையாததால் மழைப் பாட்டு, சைக்கிள் பாட்டு, பஸ் பாட்டு என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். மூன்றையும் ஹெலன் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்துவிட்டாள். அவளுக்குப் பிடித்தது பஸ் பாட்டு. ஊரை விட்டுப் போகிறவள் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறாள், கீழே நிற்கிறவன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிடுகிறது. முதல் சரணம் அவர், இரண்டாவது ஹெலன், கடைசியில் இரண்டு பேரும். ஆறு வருஷத்தில் அவள் ஓர் எழுத்து தப்பவிட்டதில்லை.

இந்த பிப்ரவரியில், மொரிதா வரவேண்டிய வாரம், செவ்வாய்க்கிழமை அம்பரீன் கவுண்டருக்கு ஓடிவந்தாள். வாணியம்பாடியிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்திருந்த டைலர், கைக்குழந்தைக்காரி.

“அக்கா, முனை மட்டும் கெடைக்கல அக்கா. இந்த வாரத்துல இது மூணாவது ஊசி. சூப்பர்வைசர் என்ன வீட்டுக்கு அனுப்சிடுவாரு.”

ஹெலன் அவளோடு தரையில் தவழ்ந்து தேடினாள். கிடைக்கவில்லை. லைன் நின்றால் அம்பரீனுக்கு வேலை போகும். ஹெலன் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு டிராயரில் கிடந்த பழைய ஊசி முனை ஒன்றை எடுத்துச் சேர்த்து நோட்டில் ஒட்டிவிட்டாள். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. மனசு கேட்காமல் அம்பரீன் மெஷினைச் சுற்றியிருந்த மேல்பாகம் எல்லாவற்றையும் தானே ஊசி மெஷினில் விட்டுப் பார்த்தாள். கத்தவில்லை. அப்பாடா என்று நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, ஒரு பண்டில், முப்பத்தாறு ஜோடி, ஏற்கெனவே அடிப்பாகம் சேர்க்கப் போய்விட்டது.

மறுநாள் டீ நேரத்தில் என்னிடம் சொன்னாள். உதடு வெளுத்திருந்தது.

“வாய மூடிக்கினு இரு ஹெலன். எங்கியாவது வுழுந்து பெருக்கித் தள்ளியிருப்பாங்க. சொன்னா ஒனக்கும் வேலை போவும், அந்தப் பொண்ணுக்கும் போவும்.”

“கொழந்த கால்ல குத்துனா இன்னாணா பண்றது?”

“அதெல்லாம் குத்தாது.”

எனக்கு எப்படித் தெரியும்? வாய் இருக்கிறது, சொல்லிவிட்டேன். உண்மையில் நானும் பயந்துதான் போயிருந்தேன்.

அடுத்த இரண்டு நாள் அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் பக்கம் போய் ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் விரலை விட்டுத் தடவினாள். பேக்கிங் பெண்கள் விரட்டிவிட்டார்கள். வீட்டில் மகளின் பள்ளி ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் துழாவினாளாம். அது கடையில் வாங்கின ஷூ என்று தெரிந்தும் கை நிற்கவில்லையாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மொரிதா கையெழுத்துப் போட்டார். போட்டதும் ஒரு ஜோடி ஷூவைத் தனக்கென்று கேட்டு வாங்கினார். ஏப்ரலில் பேத்தி பள்ளியில் சேர்கிறாளாம், ஆறு வயசு. ஜி.எம். அதை டப்பாவில் போட்டு ரிப்பன் கட்டிக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற ஹெலன் டப்பா மேல் இருந்த பண்டில் நம்பரைப் பார்த்தாள். அதே பண்டில். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மூன்று மணிக்குக் கரோக்கி ஆரம்பமானது. மழைப் பாட்டு முடிந்தது, சைக்கிள் பாட்டு முடிந்தது. வெளியே கன்டெய்னர் லாரியில் கடைசிப் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. பஸ் பாட்டு வந்ததும் மொரிதா வழக்கம்போல முதல் சரணத்தைக் குலுக்கி எடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே ஹெலனைக் கைகாட்டினார். அவள் மைக்கைப் பிடித்தாள். முதல் வரி சரியாக வந்தது. இரண்டாவது வரியில் குரல் ஆடியது. அப்போது வெளியே லாரி ஸ்டார்ட் ஆனது.

ஹெலன் நின்றுவிட்டாள். டிவியில் எழுத்து மட்டும் நிறம் மாறி ஓடிக்கொண்டிருந்தது.

“ஊசி முனை கெடைக்கல சார்,” என்றாள். மைக் கையில் இருந்ததால் கேன்டீன் முழுக்கக் கேட்டது. “நான்தான் வேற முனைய ஒட்டிட்டேன். ஊசி உள்ள இருக்கு சார். லாரிய நிறுத்துங்க.”

மொரிதாவுக்குத் தமிழில் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தை. அது ஊசி. சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது. யாரும் மொழிபெயர்க்கும் முன்பே மேஜைக்குப் போய், கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் கிழித்தார்.

லாரியிலிருந்து அந்தப் பண்டிலை இறக்கினார்கள். எண்ணிப் பார்த்தால் முப்பத்தைந்து ஜோடிதான். இன்னொன்று ரிப்பன் கட்டின டப்பாவில் இருந்தது. கேன்டீன் தரையில் தார்ப்பாய் விரித்து, தோல் வெட்டுகிற கத்தியோடு ஹெலன் உட்கார்ந்தாள். அம்பரீன் அழுதுகொண்டே எதிரில் உட்கார்ந்தாள். மொரிதாவும் பேன்ட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு ஷூவாகக் கிழித்து, உள்துணியை உரித்து, காந்தத்தை வைத்துத் தடவினார்கள். இருநூறு பேர் இருந்த இடத்தில் கத்தி தோலைக் கிழிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

இருபத்து மூன்றாவது ஜோடி, இடது கால், கட்டைவிரல் படுகிற இடம். காந்தத்தில் டிக்கென்று ஒட்டியது. எள்ளைவிடக் கொஞ்சம் நீளம்.

எல்லோரும் மூச்சு விட்டோம். ஜி.எம். போதும் என்று எழுந்தார். மொரிதா எழுந்திருக்கவில்லை. பையைத் திறந்து ரிப்பன் டப்பாவை எடுத்தார். கத்தியை ஷூவின் மேல் வைத்தார். வெட்டவில்லை. கத்தியை ஹெலனிடம் கொடுத்தார். அவள் வெட்டினாள். அதில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத அந்தக் கிழிந்த ஷூவை அவர் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய பயம் அவரையும் தொற்றிக்கொண்டது.

ஜி.எம். அன்றே ஹெலனை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார். மொரிதா கவுண்டரைக் காட்டி, “ஊசி, ஹெலன்,” என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. மெமோ கொடுத்து அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அம்பரீனைப் பசை ஒட்டுகிற பக்கம் மாற்றினார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஹெலன் என் பெயரைச் சொல்லவே இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்குக் குத்துகிறது.

மே மாதம் மொரிதா மறுபடி வந்தார், கையெழுத்துப் போட்டார், பஸ் பாட்டை வைத்தார். ஹெலன் இரண்டாம் சரணத்தை முழுசாகப் பாடினாள். போன தடவை அவள் நின்றுபோன இடம் வந்தபோது நாங்கள்தான் வெளியே லாரியைத் திரும்பிப் பார்த்தோம். பாட்டு முடிந்ததும் அவர் போனை நீட்டினார். பள்ளி வாசலில் பேத்தி, இரண்டு சடை, பல் விழுந்த சிரிப்பு. நாங்கள் முகத்தைப் பார்த்தோம். ஹெலன் காலைப் பார்த்தாள். புது ஷூ. எங்கள் தையல் இல்லை, வேறு எங்கோ வாங்கினது.

அவர் போன பிறகு ஹெலன் என்னிடம் வந்து நின்றாள். முகம் பழையபடி வெளுத்திருந்தது.

“அண்ணா, அந்தக் கம்பெனில ஊசிய யாருணா பாத்துக்கிறாங்க?”