பன்றி குறுக்கே வரும் பாதை

அறுபத்தெட்டு வயதில் என் மனைவி டேப்லெட்டில் விளையாட ஆரம்பித்தாள். மஸ்கட்டில் இருக்கும் பேத்தி சொல்லிக்கொடுத்த விளையாட்டு. அந்த உலகத்தில் மண், மரம், மாடு எல்லாமே சதுரக் கட்டைகள். உடைக்கலாம், அடுக்கலாம், வேண்டியதைக் கட்டிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமைகளில் இவள் இங்கிருந்தும் பேத்தி அங்கிருந்தும் பந்தயம் விடுவார்கள். பாதை அமைப்பது இவள் வேலை. ராயபுரத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவளுக்குப் படகுதான் வேண்டியிருந்தது. அந்த விளையாட்டில் பனிக்கட்டியைப் பாதையாகப் போட்டால் படகு அதன்மேல் வழுக்கிக்கொண்டு பறக்கும்.

துறைமுகத்தில் இருப்பதுபோலச் சிவப்பும் நீலமுமாகக் கன்டெய்னர்களை அடுக்கி, நடுவே பாதையைச் செருகினாள். அது அவள் கட்டிய மாதா கோயில் மணிக்கூண்டுக்குள் நுழைந்து வெளியே வந்ததும் வெடுக்கென்று திரும்பும். திரும்பிய இடத்தில் பன்றிக் கூட்டம். பேத்தியின் படகு பன்றியில் மோதிச் சுழலும்போது இவள் கட்டில் அதிரச் சிரிப்பாள்.

நான் பேசின் பிரிட்ஜ் யார்டில் இருப்புப்பாதை ஆய்வாளராக இருந்தவன். தண்டவாள வளைவில் நூல் பிடித்து, நடுவில் எத்தனை மில்லிமீட்டர் விலகல் என்று அளந்து, சீராகும்வரை நகர்த்த வைப்பது என் தொழில். அவளுடைய திருப்பங்களைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.

"இது என்ன வளைவு? வண்டி கவுந்துடும்."

"கவுறதுக்குத்தாங்க கட்டிகினு கீறேன். நீங்க பேப்பரப் படிங்க."

ஒரு புதன்கிழமை மாலை அவள் நவநாள் ஜெபத்துக்குப் போயிருந்தாள். நான் டேப்லெட்டை எடுத்தேன். கட்டைகளை எண்ணி, ஒவ்வொரு திருப்பமும் கொஞ்சம் கொஞ்சமாக வளையும்படி மாற்றினேன். பன்றிகளைச் சுற்றி வேலி போட்டேன். அவளே பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று எதுவும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பேத்தியின் குரல் கேட்டது. "என்ன பாட்டி, ஹைவே மாதிரி போரா இருக்கு? பன்னியெல்லாம் ஏன் அடைச்சிட்டீங்க?"

"நானா? நான் எப்போ அடைச்சேன்?" மனைவி என் பக்கம் திரும்பினாள். "நீங்க எதுனா தொட்டீங்களா?"

பேத்திக்கு முன்னால் ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. "நீயேதான் மாத்தியிருப்ப. மறந்திருப்ப," என்றேன்.

மனைவியின் அம்மா கடைசி மூன்று வருடங்கள் பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்டுக்கொண்டிருந்தவர். நான் அதை யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்னதும் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. என் குற்றம் அதுதான்.

அதன்பின் அவள் கேஸ் அடுப்பை மூடியதும் காலண்டரில் ஒரு கோடு போட்டாள். கடைக்குப் பாதி தூரம் போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தாள். டேப்லெட் பீரோவுக்குள் போயிற்று. பேத்தி கூப்பிட்டால் தலைவலி என்றாள். பத்தாம் நாள், நரம்பு டாக்டரிடம் காட்ட வேண்டும், துணைக்கு வாருங்கள் என்றாள்.

மருத்துவமனை பெஞ்சில் டோக்கனைப் பிடித்துக்கொண்டு எதையோ முணுமுணுத்தாள். காதைக் கொடுத்துக் கேட்டேன். எங்கள் கல்யாண நாள், மகளின் பிறந்தநாள், வீட்டுக் கதவு எண்.

"டாக்டரு கேட்டா சொல்லணும்ல," என்றாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவள் என்னை 'யோவ்' என்று கூப்பிட்டது அன்றுதான்.

"யோவ், பத்து நாளுய்யா! எங்கம்மா மாரி ஆயிடுவேனோன்னு நான் செத்துகினு கீறேன். நீ பக்கத்துலயே குந்திகினு காபி குடிச்ச?"

பெஞ்சில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு டோக்கனை என் கையில் திணித்தாள். "நீ போ உள்ள. இந்தப் பொய்யிக்கு மருந்து கீதான்னு கேட்டுகினு வா."

அன்று சாயங்காலமே வேலியை உடைத்துப் பன்றிகளைத் திறந்துவிட்டாள். திருப்பங்களை மறுபடி கட்ட மூன்று நாள் ஆயிற்று. என்னிடம் பேச அதைவிட அதிக நாள் ஆயிற்று.

இப்போது கண்ணாடியோ சாவியோ காணாவிட்டால் முதலில் என்னைத்தான் கேட்கிறாள். "எங்க வெச்சீங்க?" தொடவில்லை என்று உண்மையைத்தான் சொல்கிறேன். அவள் நம்புவதில்லை. எழுந்து நானும் கூடவே தேடுகிறேன்.