சத்தியவேடு பஸ்ஸும் ஒரு பிரசவமும்

சத்தியவேடு ஆந்திராவுக்குப் போகிறது என்று முடிவானதும், சர்க்கார் ஆட்களிடம் எந்தப் பக்கம் வேலை பார்க்க விருப்பம் என்று கேட்டார்கள். நான் மலையோர ஊர்களுக்கு நர்சம்மா. மெட்ராஸ் பக்கம் என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் பிள்ளைகளையும் சாமான்களையும் முன்னாலேயே திருவள்ளூருக்குக் கொண்டுபோய்விட்டார். நான் மறுநாள் காலை அங்கே கையெழுத்துப் போட்டாக வேண்டும். தவறினால் வேலை இல்லை என்று உத்தரவு. மலையடியிலிருந்து சாயங்காலம் ஒரே ஒரு பஸ்.

கிளம்பவேண்டிய அன்றைக்குப் பார்த்து மலைமேல் ஒரு வீட்டில் ஒருத்திக்கு நோவு கண்டது. அவளுக்கு மூன்றாவது பிரசவம். முதல் இரண்டும் நான் அந்தப் பக்கம் வேலைக்கு வருமுன் பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டன. எனக்குப் பதிலாக வரவேண்டியவளோ வந்து சேரவில்லை. நாசமாய்ப் போன உத்தரவு என்று வைதுகொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

மத்தியானம் ஆயிற்று, குழந்தை வருகிற வழியாகக் காணோம். என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வாசலுக்குப் போவேன், வெயிலைப் பார்ப்பேன், உள்ளே வந்து அவள் வயிற்றைத் தொடுவேன், கொதித்த வெந்நீரை மறுபடி கொதிக்க வைக்கச் சொல்வேன். அவள் மாமியார் என்னை விட்டு விலகியே நடந்தாள்.

"நர்சம்மா, நோவு உனக்கா எனக்கா? இப்டி நடந்துகினே கீறியே," என்று படுத்திருந்தவள் சிரித்தாள். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வெயில் இறங்கியது. கீழே பஸ் ஹாரன் கேட்டபோதுதான் குழந்தையின் தலை தெரிந்தது. அவளுக்கும் கேட்டிருக்கிறது. என் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்தபடியே, "போம்மா, உன் வேலை பூடும்," என்றாள். பேசாமல் முக்கு என்று அதட்டினேன்.

பெண் குழந்தை. அழவில்லை. தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டினேன், வாயைத் துடைத்தேன், மறுபடி தட்டினேன். அழுதது. வீட்டில் எல்லோரும் அழுதார்கள்.

அந்த வேலைக்காகப் பிறகு ஒரு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். வீட்டுக்காரர் பேசிய பேச்செல்லாம் இன்னும் காதில் இருக்கிறது. அன்று அதெல்லாம் தெரியாது. குழந்தையை மார்பில் போட்டதும் அவள் என்னைப் பார்த்து, "பஸ் பூட்ச்சேம்மா," என்று விம்மினாள்.

"போனா போவுது. புள்ளைக்குப் பால் குடு," என்றேன். பிறகு மாமியாரிடம் சோறு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, காலையிலிருந்து முதல் தடவையாக உட்கார்ந்தேன்.